நல்ல உறக்கம்

"இந்தச் சவம் கழல மாட்டேங்குதே" என்று சொன்ன பெரியம்மா உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அறையில் இருந்த பெண்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கருங்கல் ஊர்ப்பக்கத்தில் திறக்காத டப்பாவும் சவம்தான், நேரத்துக்கு வராத பஸ்ஸும் சவம்தான். வாய்க்குப் பழகிய வார்த்தை. இருந்தாலும் ஜினியைக் குளிப்பாட்டக் கிடத்தி, அவளுடைய இடது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அதைச் சொல்லியிருக்க வேண்டாம். பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கொளுத்தை, அந்தச் சின்னக் கொக்கியை, நெருடினாள்.

அவள் கழற்றப் பார்த்தது ஜினியின் மணிக்கட்டில் கிடந்த கறுப்புப் பட்டையை. வாட்ச் மாதிரி இருக்கும், மணி காட்டாது. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்தது. வலிப்பு உள்ளவர்கள் வீட்டில் எப்படி உறங்குகிறார்கள் என்று படிக்கிறார்களாம். உறக்கத்தில் ஜினிக்கு வலிப்பு வந்து கை வெட்டி இழுத்தால் பட்டை அதை அறிந்துகொள்ளும். ராகேலின் போனில் அலாரம் அடிக்கும்.

"ஏட்டி ராகேலு, நீ வந்து கழத்து. எனக்கு இதுக்க கொளுத்து பிடிபடல்ல."

ஜினியின் அக்கா ராகேல் துண்டும் கையுமாகச் சுவரோரம் நின்றிருந்தாள். வந்து குனிந்தாள். அவள் கையிலும் அதே போல ஒரு பட்டை கிடந்தது. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களின் உறக்கத்தையும் படிக்க வேண்டும் என்று அவளுக்கும் ஒன்று மாட்டியிருந்தார்கள். ஒரே மாதிரிப் பட்டை போட்ட இரண்டு கைகளும் பக்கத்தில் வந்ததைப் பார்த்து ஒருத்தி சத்தமில்லாமல் அழுதாள்.

ராகேல் கொளுத்தில் விரலை வைத்தபோது முற்றத்தில் பெரியப்பாவின் போன் அடித்தது.

தங்கப்பன் பெரியப்பாவுக்குக் காது மந்தம். எந்தப் போன் வந்தாலும் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். அவர் பேசுவதும் எதிராளி பேசுவதும் தெருமுனை வரை கேட்கும். சபைக் கமிட்டியில் இருப்பவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மரண அறிவிப்பு வாசிப்பது அவர்தான். இத்தனை வருஷத்தில் அவர் வாயால் யாரும் செத்ததில்லை. எல்லாரும் நித்திரை அடைந்தார்கள்.

"தங்கப்பன் சார் இல்லியா? ஆதிரா பேசுறேன், உறக்கப் படிப்பு ஆபீஸ்ல இருந்து. ராகேல் அக்காவ விளிச்சேன், போன் எடுக்கல்ல. அதான் இந்த நம்பர்ல விளிச்சேன். ஜினிக்கு எப்படி இருக்கு?" மலையாளத்துப் பெண். பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக வாரத்துக்கு ஒருமுறை பேசுவாள்.

"ஜினி நித்திரை அடைஞ்சிட்டா மக்கா" என்றார் பெரியப்பா.

"நித்திரையா?"

"ஆமா. நித்திரையாக்கும். காலத்த போய்ப் பாக்கும்பம் நித்திரை."

"ஓ, உறங்குதாங்களா. நல்ல காரியம்."

"எல்லாம் கர்த்தருக்க சித்தம்" என்றார் பெரியப்பா.

"சரி, உறங்கட்டும். யாரும் எழுப்ப வேண்டாம். அந்த பேண்டு மட்டும் கையில இருந்து கழற்றக் கூடாது, கேட்டீங்களா? நாங்க சொன்ன பிறகு கழற்றினா போதும்."

பெரியப்பா போனை மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்து, உள்ளே பார்க்காமல், தலையைத் திருப்பிக்கொண்டு சொன்னார். "ஏய், அந்த வாட்ச கழத்தப்பிடாதாம். ஆஸ்பத்திரியில இருந்து சொல்லுதாவ."

"இனி அது என்னத்துக்கு?" என்றாள் பெரியம்மா.

"படிச்சவங்க சொல்லுதாவன்னா காரணம் இருக்கும். கெடக்கட்டு."

ராகேலுக்கு நடந்தது புரிந்துவிட்டது. ஜினி கண்ணை மூடி உறங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள். வெளியே போய், "பெரியப்பா, அவளுக்கு உங்க வார்த்தை மனசிலாகல்ல, திரும்ப விளிச்சுச் சொல்லுங்க" என்றால் முடிந்தது. ராகேல் போகவில்லை. கொளுத்தில் இருந்து விரலை எடுத்தாள்.

"கெடக்கட்டும் பெரியம்மா."

நேற்று ராத்திரி என்ன நடந்தது என்று அந்தப் பட்டைக்குத் தெரியும். அது ஜினியோடு மண்ணுக்குள் போய்விட்டால் வேறு ஒருவருக்கும் தெரியாது. தனக்கும் தெரிய வேண்டாம் என்றுதான் ராகேல் அப்போது நினைத்தாள். வெள்ளைச் சேலை உடுத்தி, வெள்ளைக் கையுறை மாட்டும்போது பட்டை மேல் கையுறை ஏறாமல் மல்லுக்கு நின்றது. பெரியம்மா கத்தரிக்கோலால் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டி ஏற்றிவிட்டாள். இடது மணிக்கட்டு மட்டும் புடைத்துக்கொண்டு நின்றது.

முன்னறையில் வந்து உட்கார்ந்த ராகேலைப் பார்த்து வந்தவர்கள் எல்லாரும் ஒன்றே சொன்னார்கள். "மொகத்தப் பாரு. ஒறக்கமே காணாத மொகம். பாவம், இவளுக்கும் இனியாவது ஒரு விடுதலை." ஒருத்தி தலையைத் தடவினாள். இன்னொருத்தி கட்டங்காப்பியை ஆற்றி வாயருகில் கொண்டுவந்தாள்.

ராகேலுக்கு எழுந்து ஓடலாம் போல இருந்தது. காரணம், அவர்கள் சொன்னதில் இன்றைக்கு மட்டும் உண்மை இல்லை. அவள் நன்றாக உறங்கியிருந்தாள். உடம்பில் எங்கும் நோவு இல்லை, கண்ணில் எரிச்சல் இல்லை, தலை லேசாக இருந்தது. எத்தனையோ வருஷமாகக் காணாத லேசு. தங்கச்சி செத்துக் கிடக்கும் வீட்டில் உடம்பு இப்படிச் சுகமாக இருப்பது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அழுகை வந்தால் கொஞ்சம் சமாதானமாக இருந்திருக்கும். அதுவும் வரவில்லை.

ஜினிக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே வலிப்பு தொடங்கியது. பகலில் வந்தால் யாராவது இருப்பார்கள். உறக்கத்தில் வருவதுதான் பயம். குப்புற விழுந்து தலையணையில் முகம் அழுந்திவிட்டால் தீர்ந்தது. அம்மா பழைய சேலைக் கரையை நீளமாகக் கிழித்து ஒரு முனையை ஜினியின் கையிலும் மறுமுனையைத் தன் கையிலும் கட்டிக்கொண்டு படுப்பாள். ஜினி வெட்டினால் அம்மா முழித்துவிடுவாள். அம்மா போன பிறகு அந்த முனை ராகேலின் கைக்கு வந்தது. வந்த ஒன்றிரண்டு சம்பந்தங்களும் அந்தக் கயிற்றில் தட்டித் திரும்பிப் போயின.

கையில் கயிறு கட்டினவளுக்கு உறக்கம் எங்கே? ஜினி புரண்டால் முழிப்பாள், கொசு அடித்தால் முழிப்பாள், ஒன்றும் அசையாவிட்டால் அதற்கும் முழித்து மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பாள். பகலில் அண்டி ஆபீஸில் முந்திரி உடைக்கிற பலகை முன்னால் இருந்து உறங்கி ஆடி விழுவாள். "ராகேலுக்கு இது லாட்ஜ் ஆக்கும்" என்று மேஸ்திரி சொல்லாத நாள் கிடையாது. அண்டி எண்ணெய் பட்டு விரல் பொள்ளியதெல்லாம் தூக்கத்தில் பட்டதுதான்.

அப்படி இருக்கும்போதுதான் பட்டை வந்தது. கொண்டுவந்தவன் எபிசன், கருங்கல்காரன். வீடு வீடாகப் போய்ப் பட்டை மாட்டிப் பார்த்துவருவது அவன் வேலை. அவன் ராகேலின் கையில் ஒன்றை மாட்டியபோது ஜினி விழுந்து விழுந்து சிரித்தாள். "அவளுக்கு ஒறக்கமே கெடையாது. இது எதப் பாக்கும்?" பட்டைக்கு ஜினி வைத்த பெயர் வாத்திச்சி. வகுப்பு டீச்சர் மாதிரி எப்போதும் முழித்துக்கொண்டு, ஒருத்தியையும் ஆட விடாமல் பார்த்துக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர்.

வாத்திச்சிக்கு ஆட்டமும் வலிப்பும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஜினி தேங்காய் திருவினால் அலாரம், துணி கும்மினால் அலாரம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாரும் கைதட்டிப் பாடும்போது ஜினியும் கைதட்டினாள். ராகேலின் பைக்குள் கிடந்த போன் யாரோ கொல்ல வருகிற மாதிரி அலறியது. பாட்டு நின்றது. போதகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பெரியப்பாவுக்கு அன்றைக்கு வந்த கோபம் இறங்கவே இல்லை.

அதனால்தான் நேற்று சாயங்காலம் வீட்டில் செபக் கூட்டம் தொடங்கும் முன்பு அவர் ராகேலை மட்டும் பார்த்துச் சொன்னார். "உனக்க போன சைலண்ட்ல போடு மக்கா. அன்னைக்கு நாறினதே மதி, இன்னொரு தடவ வேண்டாம்." நேற்றைய கூட்டமே ஜினிக்காகத்தான். பட்டை போட்ட பிறகு ஒரு தடவைகூட அவளுக்கு வலிப்பு வரவில்லை. அதற்கு ஸ்தோத்திரம் சொல்ல ஆள் கூடியிருந்தார்கள். ஜினி கூட்டம் முடியும் மட்டும் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஒரு பாட்டுக்கும் தட்டாமல், பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள். ராகேல் எல்லார் முன்னாலும் போனை எடுத்துச் சைலண்டில் போட்டாள். பிறகு பந்தி, பாத்திரம் கழுவல், வந்தவர்களை வழியனுப்புதல். படுக்கப் போகும்போது போனைத் தலைமாட்டில் வைத்தாள். சைலண்டை எடுத்தாளா என்று அப்போது யோசிக்கவில்லை.

"முன்னறையில பேனுக்கு அடியில போய் ஒறங்குட்டி" என்று அக்காவையே ஏட்டி போட்டு விரட்டினாள் ஜினி. "இன்னைக்குக் கயிறு வேண்டாம். வாத்திச்சி முழிச்சிருப்பா."

காலையில் ராகேலை யாரும் எழுப்பவில்லை. கயிறு எழுப்பவில்லை, அலாரம் எழுப்பவில்லை. தானாகக் கண் திறந்தபோது சுவரில் வெயில் விழுந்து கிடந்தது. கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தாள். அடுத்த வளவில் யாரோ ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷினை ஓட்டும் சத்தம் கேட்டது. எழுந்து சாயா போட்டு, அடுக்களைப் படியில் உட்கார்ந்து, முழுதையும் சூடு ஆறும் முன்பே குடித்தாள். அவ்வளவு ருசியாக ஒரு சாயா அவள் குடித்ததே இல்லை. பிறகுதான் ஜினிக்கு ஒரு கிளாஸ் ஊற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

ஜினி கவிழ்ந்து கிடந்தாள். உடம்பு ஆறிப்போயிருந்தது.

சத்தம் கேட்டு ஆட்கள் வருவதற்கு இடையில் ராகேல் செய்த ஒரே காரியம், ஓடிப்போய்ப் போனை எடுத்தது. திரையில் மணிப் படத்தின் மேல் ஒரு கோடு கிழித்திருந்தது. சைலண்ட். அதற்கு மேல் திறந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அரிசி டிரம்மைத் திறந்து, போனை ஆழத்தில் புதைத்து, மூடியை அழுத்திப் போட்டாள். பிறகு ஆஸ்பத்திரி டாக்டர் வந்தார், பார்த்தார், எழுதிக் கொடுத்தார். வலிப்புக்காரிதானே என்று யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பிளக்ஸ் அடிக்கப் போட்டோ வேண்டும் என்று பெரியப்பா வந்து நின்றார். ஜினியின் போட்டோ எல்லாம் ராகேலின் போனில்தான் இருந்தது.

"உனக்க போன் எங்க மக்கா?"

"சார்ஜ் இல்ல பெரியப்பா."

"சார்ஜ் போட்டாப் போச்சு."

"அது கேடாயிப் போச்சு" என்றாள் ராகேல்.

பெரியப்பா அவள் முகத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, பிறகு கேட்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த, பள்ளி வயதில் கோயிலில் எடுத்த திடப்படுத்தல் போட்டோவைக் கழற்றிக்கொண்டு போனார். ஜங்ஷனில் கட்டிய பிளக்ஸில் முப்பத்துச் சொச்சம் வயசுக்காரி இரட்டைப் பின்னலும் வெள்ளைப் பாவாடையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே பெரிய எழுத்தில், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

பெட்டி வீட்டை விட்டு இறங்கும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கோயில் மணி விட்டு விட்டு அடித்தது. ராகேல் மயங்கி விழுவாள் என்று எதிர்பார்த்து இரண்டு பேர் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டே வந்தார்கள். அவள் நேராக நடந்தாள். கோயிலில் எல்லாம் தெளிவாகக் கேட்டது. பின்வரிசையில் ஒரு குழந்தை சிணுங்கியதுகூடக் கேட்டது.

போதகர் நல்ல மனுஷர். வாய் வலிக்காமல் ஆறுதல் சொல்லுவார். இது சாவு இல்லை, நித்திரை என்றார். களைத்த பிள்ளையைத் தகப்பன் எடுத்துப் படுக்க வைத்த நித்திரை, ஒருநாள் விழிப்பு உண்டு என்றார். ராகேலுக்குக் கோபம் பொங்கியது. ஒவ்வொரு ராத்திரியும் ஜினி விழிப்பாளா விழிப்பாளா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தவள் அவள். ஊரில் எல்லாருக்கும் உறக்கத்தைப் பற்றி அவளிடம் சொல்ல ஏதோ ஒன்று இருந்தது. கல்லறைத் தோட்டத்தில் மண் அள்ளிப் போடச் சொன்னார்கள். போட்டாள். வெள்ளைக் கையுறைக்குள் புடைத்து நின்ற இடத்தை நினைத்தாள். இனி அது போயிற்று, யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தாள். நினைத்த மாதிரி நெஞ்சு லேசாகவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா கஞ்சி வைக்கிறேன் என்று தன் வீட்டுக்குப் போனாள். ராகேல் முன்னறைத் தரையில் உட்கார்ந்தாள். முற்றத்தில் ஒரு பைக் வந்து நின்றது. எபிசன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான்.

"அக்கா."

"நீ எப்படி அறிஞ்ச?"

"ஆபீஸ்ல இருந்து விளிச்சாவ. உச்சைக்குப் பிறவு ஜினிக்க பேண்டு லைன்ல இல்ல, போய்ப் பாத்துட்டு வான்னு. ஜங்ஷன்ல பிளக்ஸ் பாத்தேன்." ஹெல்மெட்டைத் தரையில் வைத்தான். "பழைய போட்டோ. மொதல்ல எனக்கு ஆளு தெரியல்ல. பேரு வாசிச்ச பிறவுதான்..."

"உள்ள வா."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்தான். வெளியே இரும்பு நாற்காலிகள் ஒன்றின் மேல் ஒன்று விழும் சத்தம் கேட்டது.

"பேண்டுக்காகத்தானே வந்த?" என்றாள் ராகேல். "அது அவ கையிலதான் கெடக்கு."

"கையிலயா?" அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "அடக்கம் கழிஞ்சாச்சே அக்கா."

அவள் நடந்ததைச் சொன்னாள். ஆதிரா விளித்தது, பெரியப்பா நித்திரை என்றது, அந்தப் பெண் பட்டையைக் கழற்ற வேண்டாம் என்றது. எபிசனுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் வாய் கோணியது. தரையைப் பார்த்துக்கொண்டான்.

"மேடம் நம்ம சபைக்காரி இல்லல்லா. அவங்களுக்கு நித்திரைன்னா ஒறக்கந்தான்."

"எனக்குத் தெரியும். அப்பமே மனசிலாச்சு. தெரிஞ்சேதான் சும்மா இருந்தேன்."

"என்னத்துக்கு அக்கா?"

ராகேல் எழுந்து அடுக்களைக்குப் போனாள். அரிசி டிரம்மில் தோள் வரை கையை விட்டுத் துழாவி, தவிடு ஒட்டிய போனை எடுத்துக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள்.

"நேத்து செபத்துக்கு சைலண்ட்ல போட்டேன். எடுக்க மறந்துட்டேன். ராத்திரி அவளுக்கு வந்திருக்கும். இது அடிச்சிருக்கும், சத்தம் இல்லாம. எனக்குக் கேக்கல்ல." குரல் தட்டையாக இருந்தது. "நாந்தான் அவளக் கொன்னேன். அந்தப் பேண்டுக்குத் தெரியும்."

எபிசன் போனைத் தொடவில்லை. அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"அக்கா, கோயில்ல இது கெடந்து அலறிச்சே, அன்னைக்கு போன் எதுல கெடந்து?"

"எதுல கெடந்து? பையில."

"அதில்ல. கோயிலுக்குள்ள போகும்பம் போன என்ன செய்விய?"

"படி ஏறும்பமே சைலண்ட்ல..." ராகேல் நிறுத்தினாள்.

"பின்ன? சைலண்ட்ல கெடந்தும் அன்னைக்கு அடிச்சுதுல்லா. இது அப்படித்தான் அடிக்கும். ஆளு மறந்து போவும்னு தெரிஞ்சுதான் அப்படிச் செஞ்சு வச்சிருக்கு. நான் மாட்ட வந்த அன்னைக்கே சொன்னேன். நீங்களும் ஜினியும் சிரிச்சிட்டு இருந்திய."

கோயிலில் அவ்வளவு பேர் முன்னால் நாறியதைத் திரும்பத் திரும்ப நினைத்தவளுக்கு இந்த ஒன்று மட்டும் மண்டையில் ஏறவில்லை. பெரியப்பாவுக்கும் ஏறவில்லை. காலையில் இருந்து சுமந்த பாரம் ஒன்று இறங்கியது. இறங்கின இடத்தில் அதைவிடப் பெரிசாக ஒன்று வந்து உட்கார்ந்தது.

"அப்பம் சத்தமா அடிச்சிருக்கு" என்றாள். "தலைமாட்டுல அடிச்சிருக்கு, நான் கேக்காம ஒறங்கியிருக்கேன்."

"அக்கா..."

"எனக்கு நேத்து நல்ல ஒறக்கம் எபிசன். எனக்க ஆயுசில அப்படி ஒறங்கினதில்ல. வந்தவ எல்லாரும் எனக்க மொகத்தப் பாத்துப் பாவம்னு சொல்லுதா. நான் காலத்த எழும்பி சாயா போட்டு ஊதி ஊதிக் குடிச்சேன். அவ அங்க ஆறிப்போய்க் கெடக்கா. எனக்கு அந்தச் சாயா அவ்வளவு நல்லா இருந்து." போனை அவன் பக்கம் தள்ளினாள். "நீ இதத் தெறந்து பாரு. பாத்து ஒள்ளதச் சொல்லு. எனக்காகக் கள்ளம் சொல்லாத."

எபிசன் போனை எடுத்துச் சட்டையில் துடைத்தான். திறந்தான். விரலால் மேலும் கீழும் தள்ளினான். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த ராகேலுக்கு அவன் விரல் ரொம்ப மெதுவாகப் போகிற மாதிரி இருந்தது.

"அடிக்கல்ல."

"கள்ளம் சொல்லாதடே."

"இஞ்ச பாருங்க." போனை அவள் பக்கம் திருப்பினான். "அலாரம் அடிச்சா எல்லாம் இதுல வரும். கடைசியா இருக்கியது ஜினி துணி கும்மினது. நேத்து ராத்திரிக்கு ஒண்ணுமே இல்ல. வெட்டு வந்தாத்தான் இது அடிக்கும். அவளுக்கு வெட்டு வரல்ல அக்கா."

"வெட்டு வராம எப்படி?"

"சிலருக்கு இப்படிப் போவுமாம். ஒரு ஆட்டமும் இல்லாம, ஒறக்கத்துலயே மூச்சு நின்னு போவும். ஏன்னு டாக்டர்மாருக்கே தெரியல்ல. அது தெரியணும்னுதான் இந்தப் படிப்பே. நீங்க பக்கத்துல கயிறு கட்டிக் கெடந்தாலும்..." அவன் அதை முடிக்கவில்லை.

கையை எடுக்கும்போது அவன் விரல் பட்டுத் திரை மாறியது. இரண்டு பச்சைக் கோடுகள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக நின்றன. எபிசன் சட்டென்று மூடப் போனான். ராகேல் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது என்ன?"

"நேத்தைக்க ஒறக்கம். மேல கெடக்கது நீங்க." தயங்கினான். "கீழ ஜினி."

மேல் கோடு நீளமாக, எங்கும் அறுபடாமல் போய்க் காலையில் முடிந்திருந்தது. பக்கத்தில் தமிழில் எழுதியிருந்தது, நல்ல உறக்கம். கீழ்க் கோட்டுக்குப் பக்கத்திலும் அதே எழுத்து, நல்ல உறக்கம். அந்தக் கோடு காலையில் முடியவில்லை. ராகேல் சாயா குடித்த நேரத்திலும் போய்க்கொண்டிருந்தது. டாக்டர் வந்தபோதும், கையுறை மாட்டியபோதும், பெரியம்மா மார்பில் அடித்து அழுதபோதும் பச்சையாகவே போய், பெட்டி வீட்டை விட்டு இறங்கி, பட்டை இந்தப் போனுக்கு எட்டாத தூரம் போன இடத்தில் நின்றது.

"அசையாமக் கெடந்தா இது ஒறக்கம்னு எழுதும்" என்றான் எபிசன் மெதுவாக. "இதுக்கு வேற ஒண்ணும் தெரியாது அக்கா."

"பெரியப்பாவப் போல" என்றாள் ராகேல்.

அவள் அந்த இரண்டு கோடுகளையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நடு ராத்திரிக்கு அப்புறம் எங்கோ ஜினி போயிருப்பாள், ஆனால் அந்த இடத்திலும் இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. எதில் உயிர் இருந்தது, எதில் இல்லை என்று பார்த்தால் தெரியவில்லை. பிறகு இடது கையை நீட்டினாள். எபிசன் அவள் பட்டையைக் கழற்றினான். வெயில் படாத தோல் வெளுத்த வளையமாகத் தெரிந்தது.

"ஜினிக்க பேண்டுக்கு ஆபீஸ்ல என்ன சொல்லுவ?"

"அத நான் பாத்துக்கிடுதேன். அது அவளுக்க கூட கெடக்கட்டு." தன் போனை எடுத்தான். "இப்பம் மேடத்துக்குச் சொல்லணும். விவரம் கேட்டு இதோட நாலு தடவ விளிச்சாச்சு." நம்பரை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டு, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் அவளைப் பார்த்தான். அந்தப் பக்கம் மணி அடிப்பது ராகேலுக்கும் கேட்டது.

"நித்திரைன்னு சொல்லாத" என்றாள். "அந்தப் பிள்ளைக்கு மனசிலாகாது."

"பின்ன எப்படிச் சொல்ல?"

"செத்துப்போனான்னு சொல்லு. எனக்க தங்கச்சி செத்துப்போனான்னு சொல்லு."

காலையில் இருந்து அந்த வீட்டில் யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை. எபிசன் எழுந்து, போனைக் காதில் வைத்தபடி முற்றத்துக்குப் போனான். அவன் குரல் தாழ்ந்தது. பிறகு கேட்கவில்லை.

பந்தல்காரர்களின் வண்டி கிளம்பிப் போனது. ராகேல் அரிசித் தவிட்டைப் போனில் இருந்து ஊதிவிட்டு, ஓரத்துப் பொத்தானைத் தேடி அழுத்தினாள். மணி மேல் கிடந்த கோடு போயிற்று. சத்தத்தைக் கடைசி வரை கூட்டினாள். பிறகு எழுந்து, ஜினியின் அறைக் கதவு சாத்தாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து, முன்னறையில் பாயை விரித்து, போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள்.